ஐந்து மால்ட்டுகளில் ஓர் ஊர்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கிண்டயர் என்ற ஒடுங்கிய தீபகற்பம் தெற்கு நோக்கி நீண்டு கிடக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில், குன்றுகளுக்கு இடையே கடல் உள்ளே புகுந்து ஒதுங்கி நிற்கும் சிறு குடாவின் கரையில் இருக்கிறது கேம்பல்டவுன். மக்கள்தொகை 5,000-க்கும் குறைவு. கிளாஸ்கோ நகரிலிருந்து சாலை வழியாக வந்து சேர 200 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். இந்தச் சிற்றூரில் கடந்த 200 ஆண்டுகளில் உரிமம் பெற்ற விஸ்கி வடிசாலைகள் 30-க்கும் மேல் நடந்திருக்கின்றன. 1934-க்குப் பிறகு மிஞ்சியவை இரண்டே.

அந்தக் குடாவின் பெயரையே தாங்கி வருகிறது ‘கேம்பல்டவுன் லாக்’ என்ற விஸ்கி. ஸ்பிரிங்பேங்க், லாங்ரோ, ஹேசல்பர்ன், கில்கெரன், கிளென் ஸ்கோஷியா என்று ஊரில் வடிக்கப்படும் ஐந்து மால்ட் விஸ்கிகளை ஒன்றுசேர்த்துத் தயாரிக்கிறது ஜே அண்ட் ஏ மிட்செல் நிறுவனம். இதே பெயரில் முன்பு விற்ற சரக்கில் தானிய விஸ்கியும் கலந்திருந்தது. இப்போது வருவது முழுக்க முழுக்க மால்ட். அதுவும் முழுக்க உள்ளூர் மால்ட்.

ஊரின் வரலாற்றைப் புட்டியில் அடைத்திருக்கிறோம் என்று சொல்லி மது விற்பவர்கள் பலர். கேம்பல்டவுன் விஷயத்தில் அந்தப் பேச்சை வேதியியல் கொண்டு சோதித்துப் பார்க்க முடியும். இங்கே நடந்த ஒவ்வொரு திருப்பத்துக்கும், அதாவது நிலக்கரி கிடைத்ததற்கும், அவசரப்பட்டு வடித்ததற்கும், ஊர் கைவிடப்பட்டதற்கும், மீண்டதற்கும், விஸ்கியின் மூலக்கூறுகளில் ஓர் எதிரொலி உண்டு. ஓர் ஊருக்கென்று தனிச்சுவை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பாடப்புத்தகம் கிடைப்பது அரிது.

பிளெண்டட் மால்ட் என்பது எது?

ஸ்காட்ச் விஸ்கியை 2009-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் விதிமுறைகள் ஐந்து வகையாகப் பிரிக்கின்றன. ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, செம்புக் கொப்பரையில் வடித்தது சிங்கிள் மால்ட். கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்களையும் சேர்த்து ஒரே வடிசாலையில் வடித்தது சிங்கிள் கிரெய்ன். இது பெரும்பாலும் உயரமான தொடர்வடிப்புக் கோபுரங்களில் உருவாகிறது. இவ்விரண்டையும் கலந்தால் பிளெண்டட் ஸ்காட்ச். உலகெங்கும் கடைகளில் அதிகம் விற்கும் ஸ்காட்ச் இந்த வகைதான். வெவ்வேறு வடிசாலைகளின் சிங்கிள் மால்ட்டுகளை மட்டும் கலந்தால் பிளெண்டட் மால்ட். கிரெய்ன்களை மட்டும் கலந்தால் பிளெண்டட் கிரெய்ன். எதுவானாலும் ஸ்காட்லாந்திலேயே வடித்து, 700 லிட்டருக்கு மிகாத ஓக் மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு அங்கேயே முதிரவைத்து, 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹாலுடன் அடைக்க வேண்டும்.

மால்ட்டுகளை மட்டும் கலக்கும் பழக்கம் இன்றைய வகைப்பாட்டைவிட மிகப் பழையது. 1853-இல் எடின்பரோ வணிகர் ஆண்ட்ரூ அஷர் பல வயதுள்ள கிளென்லிவெட் மால்ட்டுகளைச் சேர்த்து ஒரு கலவையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தானிய விஸ்கியையும் மால்ட்டையும் வரி கட்டுவதற்கு முன்பே கிடங்கில் வைத்துக் கலக்கலாம் என்ற அனுமதி 1860-இல் வந்தது. அதன்பின் மலிவான பிளெண்டட் ஸ்காட்ச் உலகைப் பிடித்துக்கொள்ள, மால்ட் கலவை ஓரமாக ஒதுங்கியது. அதற்கு நெடுங்காலம் நிலையான பெயர்கூட இருக்கவில்லை. 2003-இல் கார்டூ என்ற புகழ்பெற்ற சிங்கிள் மால்ட்டின் உரிமையாளரான டியாஜியோ, பெயரையும் புட்டியின் தோற்றத்தையும் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே பல வடிசாலைச் சரக்குகளின் கலவையை நிரப்பியது. தொழிலுக்குள்ளேயே பெரும் எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டு அது கைவிடப்பட்டது. 2009 விதிமுறைகள் அத்தனை கறாராக எழுதப்பட்டதற்கு அந்தச் சச்சரவும் ஒரு காரணம்.

அதே விதிமுறைகள் கேம்பல்டவுனை, இஸ்லே தீவைப் போல, பெயர் பாதுகாக்கப்பட்ட விஸ்கி வட்டாரமாக அங்கீகரித்தன. ஒரேயொரு சிற்றூருக்கு அந்தத் தகுதி கிடைத்தது ஏன் என்பதை அறிய, அதன் பழைய கதைக்குப் போக வேண்டும்.

நிலக்கரி, பார்லி, துறைமுகம்

விஸ்கிக்கு வேண்டியவை நான்கு: மாவுச்சத்து, நீர், வெப்பம், சந்தை. நான்கும் நடந்து போகும் தொலைவில் ஒன்றுகூடிய இடம் கேம்பல்டவுன். தெற்குக் கிண்டயரின் தாழ்நிலங்களில் பார்லி விளைந்தது. ஊருக்கு மேலே உள்ள கிராஸ்ஹில் ஏரி நீர் தந்தது. மேற்கே மாக்ரிஹானிஷ் சமவெளியின் அடியில் நிலக்கரி கிடந்தது. அந்த நிலக்கரியை ஊருக்குக் கொண்டுவர 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அதற்கான நில அளவையைச் செய்தவர், நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட். 1877-இல் கால்வாயின் வேலையைச் சிறு ரயில்பாதை ஏற்றுக்கொண்டது. நான்காவதான சந்தைக்கு, அலையடிக்காத அந்தக் குடாவிலிருந்து கப்பல் நேரே கிளாஸ்கோவுக்குப் போனது.

சட்டத்துக்கு முன்பே தொழில் இருந்தது. 1811-இல் ஊரில் கடை திறந்த ராபர்ட் ஆர்மர் என்ற செம்புக் கொல்லர், வீடுகளில் ஒளித்து வடிப்பவர்களுக்குச் சிறு கொப்பரைகள் செய்து விற்றார். 1817 வரையிலான அவருடைய கணக்கேடுகள் பிழைத்துக் கிடைத்திருக்கின்றன. வாங்கியோரில் பெண்களும் கணிசம் என்பதை அவை காட்டுகின்றன. அதே 1817-இல் முறையான உரிமத்துடன் கேம்பல்டவுன் வடிசாலை தொடங்கியது. 1823-ஆம் ஆண்டின் கலால் சட்டம் வரியைக் குறைத்து, 10 பவுண்டுக்கு உரிமம் தந்ததும், ஒளிந்திருந்த கைத்திறன் வெளியே வந்தது. அடுத்த 10, 12 ஆண்டுகளில் 20-க்கும் மேற்பட்ட வடிசாலைகள் முளைத்தன. 1828-இல் ஸ்பிரிங்பேங்க், 1832-இல் இன்று கிளென் ஸ்கோஷியா எனப்படும் ஸ்கோஷியா, பின்னாளில், 1872-இல், கிளென்கைல். 1885-இல் பிரிட்டனின் வடிசாலைகளைச் சுற்றிவந்த ஆல்ஃபிரட் பார்னார்ட் இந்த ஓர் ஊரிலேயே 21 வடிசாலைகள் இயங்குவதைக் கண்டு எழுதினார். அவற்றில் பெரியதான ஹேசல்பர்ன் ஆண்டுக்கு 1,92,000 காலன் வடித்தது.

விஸ்கிக்கு வேண்டிய அந்த நான்கில், வெப்பம் தந்த நிலக்கரிக்கு இருக்கும் இடம் அறிவியலுக்கு மிக முக்கியம். மால்ட்டை உலர்த்த பீட் என்ற சதுப்புநிலக் கரியை எரித்தார்கள். கொப்பரையைக் கொதிக்கவைக்கக் கையருகே நிலக்கரி இருந்தது. அடியில் நேராகத் தீ எரியும் செம்புக் கொப்பரையில், அடிப்பரப்பு சில இடங்களில் மிகக் கடுமையாகச் சூடாகும். அங்கே சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து மயார்டு வினை நடக்கும். ஃபர்ஃபியூரல் போன்ற, வறுத்த மணம் தரும் சேர்மங்கள் பிறக்கும். நீராவிக் குழாய் சுற்றிய கொப்பரையில் வெப்பம் சீராகப் பரவுவதால் இவை குறைவு. எரிபொருள் எது என்ற கணக்கு, குடிப்பவரின் நாக்கில் கனத்த, எண்ணெய்ப் பசையுள்ள சுவையாக வந்து சேர்ந்தது.

ஒரே ஊர், ஐந்து வழிகள்

கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து மாவாக்கும் வீடுகளில், அந்த மாவு தானாகவே லேசாக இனிக்கும் என்பது தெரிந்திருக்கும். பார்லி மால்ட்டிலும் அதுதான் நடக்கிறது. முளைக்கும் விதை அமைலேஸ் நொதிகளைச் சுரந்து, தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கத் தயாராகிறது. செடியாக வளர்வதற்கு முன் சூடுகாட்டி அதை நிறுத்துவதே மால்ட் செய்வதன் கலை. அந்தச் சூட்டோடு பீட் புகையும் சேர்ந்தால், குவையகால், கிரெசால் முதலிய பீனால் வகைச் சேர்மங்கள் தானியத்தின் மேல் படிகின்றன. புகைமணமுள்ள விஸ்கியின் ஆதாரம் இவைதான்.

ஸ்பிரிங்பேங்க் வடிசாலை தனக்கு வேண்டிய பார்லி முழுவதையும் இன்றும் தரையில் பரப்பி, ஆட்கள் மரத்துடுப்பால் கிளறி, தானே முளைகட்டிக்கொள்கிறது. ஸ்காட்லாந்தில் இது அரிதாகிவிட்ட வழக்கம். மூன்று மால்ட்டுகள் அங்கே ஒரே கூரையின் கீழ் உருவாகின்றன. ஸ்பிரிங்பேங்குக்கான தானியத்துக்கு ஏறக்குறைய 6 மணி நேரம் பீட் புகை காட்டி, பிறகு சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். பீனால் அளவு பத்து லட்சத்தில் 12 முதல் 15 பங்கு. லாங்ரோவுக்கு 48 மணி நேரம் வரை புகை மட்டுமே. பீனால் 50-ஐத் தாண்டும். ஹேசல்பர்னுக்குப் புகையே கிடையாது.

பிறகு ஈஸ்ட்டின் வேலை. சர்க்கரையை ஆல்கஹாலாக்கும்போது ஈஸ்ட் எஸ்டர்களையும் உண்டாக்குகிறது. வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட்டும், ஆப்பிள் சாயலுள்ள எத்தில் ஹெக்சனோயேட்டும் அந்தக் குடும்பம். நொதிப்பை நீட்டித்தால் ஈஸ்ட் ஓய்ந்த பிறகு லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகி, மேலும் பழமணங்களுக்கு வழிசெய்கின்றன. நவீன ஆலைகள் பல இரண்டு நாளில் முடித்துக்கொள்ளும் நொதிப்பை, கேம்பல்டவுனில் நான்கு நாளுக்கும் மேல் நீட்டுவது உண்டு.

அடுத்து வடிப்பு. ஸ்பிரிங்பேங்கில் மூன்று கொப்பரைகள். முதல் கொப்பரைக்கு அடியில் இன்றும் நேரடித் தீ. நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிகிறது. லாங்ரோவை இரண்டு முறை, ஹேசல்பர்னை மூன்று முறை வடிக்கிறார்கள். ஸ்பிரிங்பேங்குக்கோ இரண்டரை முறை என்று கணக்கு. முதல் வடிப்பில் வந்ததில் ஒரு பகுதியை நடுக்கொப்பரைக்கு அனுப்பாமல் ஒதுக்கிவைத்து, கடைசிக் கொப்பரையில் மற்றதோடு சேர்க்கிறார்கள். இதனால் சரக்கின் ஒரு பகுதி இருமுறையும் மறு பகுதி மும்முறையும் வடிகிறது. வடிப்பு ஒவ்வொன்றும் கனமான மூலக்கூறுகளைப் பின்னே தள்ளிவிடும். மும்முறை வடித்த ஹேசல்பர்ன் இலேசாகவும், இருமுறை வடித்த லாங்ரோ கனமாகவும், ஸ்பிரிங்பேங்க் இடையிலும் நிற்பதற்குக் காரணம் இந்தக் குழாய் இணைப்புகள்தான்.

மீதமிருக்கும் இரண்டில், கில்கெரன் கிளென்கைல் வடிசாலையில் பிறக்கிறது. 1925-இல் மூடிய அந்த ஆலையை, ஸ்பிரிங்பேங்கை நடத்தும் மிட்செல் குடும்ப நிறுவனமே வாங்கி, மூடிக்கிடந்த வேறொரு வடிசாலையின் கொப்பரைகளைத் திருத்திப் பொருத்தி, 2004-இல் மீண்டும் இயக்கியது. புகை லேசாக, இருமுறை வடிப்பு. கிளென் ஸ்கோஷியா வேறு நிறுவனத்துடையது. அதன் அடித்தளம் நீண்ட நொதிப்பிலிருந்து வரும் பழமணம். ஆக, ஒரே ஏரியின் நீர், ஒரே கடற்காற்று. சுவை மட்டும் ஐந்து விதம்.

அவசரம் செம்பை ஏமாற்றியபோது

ஊர் சரிந்ததற்குப் பொருளாதாரக் காரணங்கள் பல. 1898-இல் லீத் நகரின் பேட்டிசன் சகோதரர்களின் கலவை நிறுவனம் திவாலானபோது தொழில் முழுவதும் ஆட்டம் கண்டது. முதல் உலகப்போர் தானியத்தைக் கட்டுப்படுத்தியது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. 1920-களில் உள்ளூர் நிலக்கரிச் சுரங்கமும் மூடியது. ஸ்காட்லாந்தின் மற்றொரு விஸ்கி வட்டாரமான ஸ்பேசைடு பகுதிக்கு ரயில் போய்விட்டதால், இலேசான சுவையை விரும்பிய கலவையாளர்களுக்கு அங்கிருந்து சரக்கு எளிதாகக் கிடைத்தது.

இவற்றோடு தரமும் கெட்டது. கேட்ட அளவுக்குத் தருவதற்காகப் பல வடிசாலைகள் வேகவேகமாக வடித்தன. வேகம் சுவையைக் கெடுப்பது எப்படி என்பதை இன்றைய வேதியியல் நன்றாக விளக்குகிறது. நொதித்த பார்லிச் சாற்றில் கந்தகச் சேர்மங்கள் இருக்கும். டைமெத்தில் டிரைசல்ஃபைடு என்ற சேர்மம் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே அழுகிய காய்கறியும் பழைய இறைச்சியும் நினைவுக்கு வரும். ஆவி செம்புச் சுவரைத் தொட்டு, குளிர்ந்து, மீண்டும் கொப்பரைக்குள் வழிந்து, மறுபடி ஆவியாகும்போது செம்பு அந்தக் கந்தகத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். தீயைக் கூட்டி ஆவியை விரட்டினால் இந்தத் தொடர்புக்கு நேரமில்லை. வடிப்பின் தலைப்பகுதியையும் வால்பகுதியையும் வெட்டி விலக்கும் கையும் அவசரத்தில் தளர்ந்தால், வேண்டாத கனச் சேர்மங்களும் உள்ளே வந்துவிடும். கேம்பல்டவுன் சரக்கை ஹெர்ரிங் மீன் அடைத்த பீப்பாய்களில் வைக்கிறார்கள் என்ற வதந்தி அந்நாளில் பரவியது. அந்தக் குற்றச்சாட்டு இன்றுவரை ஊர்க்கதையாகவே நிற்கிறது. செம்புக்கு நேரம் கொடுக்காத வடிப்பு, அத்தகைய நாற்றத்தை எந்த மீனும் இல்லாமலே உண்டாக்கும்.

ஹேசல்பர்னும் 1925-இல் மூடியது. ஆனால் அதற்குச் சற்று முன், 1920-இல், அங்கே ஓர் இளைஞர் சில மாதம் தங்கி வேலை கற்றிருந்தார். ஜப்பானிலிருந்து வந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த மசடாகா தகெட்சுரு அவர். கொப்பரையின் வடிவம், தீயின் அளவு, வெட்டும் நேரம் என்று பார்த்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு நாடு திரும்பினார். ஜப்பானிய விஸ்கித் தொழிலுக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவரான அவர், 1934-இல் ஹொக்கைடோ தீவின் யோய்ச்சியில் தம் சொந்த வடிசாலையை நிறுவினார். அங்கே இன்றும் கொப்பரைகளுக்கு அடியில் நிலக்கரியை வாரிப் போட்டு எரிக்கிறார்கள். கேம்பல்டவுன் மறந்த வழக்கம் ஒன்று பாதி உலகம் தாண்டிப் பிழைத்திருக்கிறது. அது பயணம் செய்தது மண்ணிலோ நீரிலோ அல்ல. ஒரு வேதியியல் மாணவரின் குறிப்புகளில்.

மரம் செய்யும் வேலை

கொப்பரையிலிருந்து வரும் சாராயம் தண்ணீர்போல நிறமற்றது. நிறமும் சுவையில் பெரும்பங்கும் பீப்பாயில் வருகின்றன. ஓக் மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலின் ஆகிறது. வனிலா மணம் அதிலிருந்து. தேங்காய் மணம் தரும் லாக்டோன் ஒன்று ஓக் மரத்துக்கே உரியது, அமெரிக்க ஓக்கில் அதிகம். உள்பக்கம் தீயில் கருக்கிய பீப்பாயின் கரிப்படலம் மிச்சமுள்ள கந்தகச் சேர்மங்களை உறிஞ்சுகிறது. மரத்தின் வழியே நுழையும் ஆக்சிஜன் ஆல்கஹாலை மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்து புதிய எஸ்டர்களுக்கு வழிவிடுகிறது. கேம்பல்டவுன் லாக்கில் இரண்டு வகைப் பீப்பாய்ச் சரக்கும் சேர்கிறது. ஒன்று அமெரிக்க போர்பன் இருந்த, 200 லிட்டர் அளவுள்ள பீப்பாய். மற்றது ஷெர்ரி ஒயினில் ஊறிய பீப்பாய். முன்னதிலிருந்து வனிலாவும் தேங்காயும், பின்னதிலிருந்து உலர்திராட்சையும் மசாலாச் சாயலும்.

ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு ஆவியாகிப் போகிறது. பெங்களூரில் மால்ட் விஸ்கி முதிரவைக்கும் அம்ருத் வடிசாலையில் இந்த இழப்பு 10 விழுக்காட்டுக்கும் மேல். வெப்பம் மரத்தின் வேலையை விரைவாக்கும், பீப்பாயையும் விரைவாகக் காலிசெய்யும். கேம்பல்டவுனின் மிதமான கடலோரத் தட்பவெப்பம் மெதுவான முதிர்ச்சிக்கு இடம் தருகிறது. இயற்கை நேரடியாகக் கைவைக்கும் கட்டம் இது.

கலப்பின் கணக்கு

ஐந்தையும் கலப்பது கூட்டல் கணக்கு அல்ல. விஸ்கியில் நீரும் எத்தனாலும் போக, சுவைதரும் சேர்மங்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு விழுக்காட்டைத் தொடுவது அரிது. அந்தச் சிறு பங்குக்குள் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் மூக்கு உணரத் தொடங்கும் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குக் கீழே இருக்கும் பல ஒன்றுகூடி உணரப்படலாம்; வரம்பைத் தாண்டிய ஒன்று மற்றொன்றை மூடிவிடலாம். நம் மூக்கில் ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள் இருந்தும், ஒரு கலவையில் மூன்று, நான்குக்கு மேற்பட்ட மணங்களைத் தனித்தனியே பிரித்துச் சொல்ல மனிதரால் இயலாது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேவிட் லெயிங்கின் சோதனைகள் 1980-களிலேயே காட்டின. ஆகவே கலவையாளர் அடுக்குவது ஐந்து தனிச் சுவைகளை அல்ல. அவை ஒன்றாகி எழுப்பும் ஆறாவது சுவையைத்தான் அவர் தேடுகிறார்.

பிளெண்டட் ஸ்காட்ச்சில் தானிய விஸ்கி இலேசான பின்புலமாக நின்று மால்ட்டுகளின் முரண்பாட்டைத் தணிக்கும். பிளெண்டட் மால்ட்டில் அந்த வசதி இல்லை. லாங்ரோவின் பீனால் சற்றுக் கூடினால் ஹேசல்பர்னின் மென்மையான பழமணம் காணாமல் போகும். மிகக் குறைந்தால் ஊரின் புகையே தெரியாது. சேர்ந்த சரக்கைச் சில காலம் ஓய்வாக வைத்து, ஒன்றோடொன்று இணங்கவிட்டுத்தான் அடைக்கிறார்கள்.

அடைக்கும் வலிமைக்கும் அறிவியல் காரணம் உண்டு. கேம்பல்டவுன் லாக் 46 விழுக்காட்டில் வருகிறது. எத்தில் லாரேட், எத்தில் பால்மிட்டேட் போன்ற நீண்ட சங்கிலி எஸ்டர்கள் ஆல்கஹாலில் கரையும், நீரில் கரையா. வலிமை அந்த அளவுக்குக் கீழே இறங்கி, குளிரும் பட்டால் அவை திரண்டு விஸ்கியைக் கலங்கலாக்கும். பல நிறுவனங்கள் கலங்கலைத் தவிர்க்க உறையும் குளிரில் வடிகட்டி அவற்றை நீக்கிவிடுகின்றன; வாயில் உணரும் வழவழப்பில் ஒரு பங்கும் அதோடு போய்விடும். 46-இல் நிறுத்தினால் அந்த வடிகட்டலே தேவையில்லை. குவளையில் சிறிது நீர் சேர்ப்பதற்கும் விளக்கம் கிடைத்திருக்கிறது. 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் கணினி உருவகத்தில் கண்டது இது: 59 விழுக்காட்டுக்கு மேலான கரைசலில் எத்தனால் மூலக்கூறுகள் குவையகாலைச் சூழ்ந்து திரவத்துக்குள்ளேயே இருத்தும். 45 விழுக்காடு அளவுக்கு இறங்கினால் குவையகால் மேற்பரப்புக்கு, அதாவது மூக்குக்கு அருகே, வந்து நிற்கும்.

இத்தனை நுட்பமும் நடப்பது அந்த ஒரு விழுக்காட்டுக்குள்தான். மீதியில் இருக்கும் எத்தனால், எந்த ஊரில் வடித்தாலும் அதே எத்தனால். மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே சேர்த்துவிட்டது. சுவையின் அறிவியலை வியப்பவர்கள் இந்த உண்மையையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

மண்ணா, மனிதரா?

கேம்பல்டவுன் விஸ்கியில் கடலின் உப்புச்சுவை இருப்பதாகச் சொல்வார்கள். சோடியம் குளோரைடு ஆவியாகி வடிப்போடு வராது. கரையோரத்தை நினைவூட்டும் அந்த உணர்வைத் தருவதில் புகையின் பீனால்களுக்கும் கனமான எண்ணெய்ச் சேர்மங்களுக்கும்தான் பெரும்பங்கு. நிலத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அயர்லாந்தில் இரு வேறு இடங்களில் ஒரே பார்லி ரகங்களை விளைவித்து, ஒரே முறையில் வடித்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியானது. விளைந்த இடத்துக்கு ஏற்ப வடிப்பின் மணம் மாறுவதை அது காட்டியது. ஆனால் கேம்பல்டவுனின் ஐந்து மால்ட்டுகளும் காட்டும் வேறுபாட்டின் பெரும்பகுதி, எத்தனை மணி நேரம் புகை, எத்தனை நாள் நொதிப்பு, எத்தனை முறை வடிப்பு என்ற மனித முடிவுகளிலிருந்து வருகிறது.

இதற்கு லாங்ரோவே சான்று. கடும் புகைச்சுவை இஸ்லே தீவுக்கே சொந்தம் என்று கருதப்பட்ட காலத்தில், தீவுக்கு வெளியேயும் அதை உருவாக்க முடியுமா என்று பார்க்கவே 1973-இல் ஸ்பிரிங்பேங்க் அதை வடித்தது. பெயரை 1896-இல் மறைந்த பக்கத்து வடிசாலையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். தகெட்சுரு கற்ற ஹேசல்பர்னின் பெயரும் 1997-இல் அதே முற்றத்தில் புதிய வடிப்பொன்றுக்குக் கிடைத்தது. பழைய லாங்ரோவின், பழைய ஹேசல்பர்னின் சுவை இவற்றில் திரும்பி வரவில்லை. அந்த ஆலைகளின் கொப்பரைகளும் அவற்றை இயக்கிய கைகளும் போய்விட்டன. திரும்பி வந்தது வேறொன்று: ஒரே ஊரில் பல வழிகளில் வடிக்கும் பழக்கம்.

21 வடிசாலைகள் இருந்தபோது கேம்பல்டவுனின் பலம் அந்தப் பன்மையில் இருந்தது. எல்லாம் ஒரே அவசரத்தில், ஒரே சந்தைக்காக வடிக்கத் தொடங்கியபோது ஊர் வீழ்ந்தது. எஞ்சியவர்களில் ஒரு குடும்பம், பக்கத்தில் எல்லோரும் கைவிட்ட தரை முளைகட்டலையும் நேரடித் தீயையும் இரண்டரை வடிப்பையும் விடாமல் வைத்திருந்ததால்தான், இன்று கலப்பதற்கு ஐந்து மால்ட்டுகள் இருக்கின்றன. ஒரு வழி மட்டும் மிஞ்சியிருந்தால் கலவை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது ஊரைச் சுற்றிப் புதிய வடிசாலைகளுக்கான திட்டங்கள் எழுந்திருக்கின்றன. அவை சரக்கு தரத் தொடங்கினால் இந்தக் கலவையின் விகிதங்களையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும். ஊரின் சுவை என்று இன்று நாம் சொல்வது அப்போது மாறியிருக்கும். அதில் வருந்த ஒன்றுமில்லை. எந்த ஊரின் சுவையும், அதைச் செய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை விதமாகச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே நிலைக்கிறது. பழைய முறையைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அருங்காட்சியகம் கட்டுவதற்கு முன், அந்த முறையில் நாளை வேலை செய்யப் போகிறவர்களுக்குக் கூலியும் பயிற்சியும் கிடைக்க வழிசெய்ய வேண்டும்.